அப்பாவின் மூச்சை எண்ணிய பெட்டி

அம்மா இறந்த பிறகும் அப்பா அரியலூர் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன் என்றார். சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளைப்பு உண்டு. பெரம்பலூருக்கு வந்து என்னோடு இருங்கள் என்றால், "ரயில் சத்தம் கேக்காத ஊர்ல எனக்குத் தூக்கம் வராது" என்பார். கேமரா வைக்கலாம் என்று சிங்கப்பூரில் இருக்கும் தம்பி சொன்னதற்கு, "நான் வேட்டி மாத்துறத நீ அங்கேருந்து பாக்கணுமா?" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்குத் தம்பி கண்டுபிடித்த வழிதான் அந்தப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு. கூடத்துச் சுவரில் மாட்டினால் ரேடார் அலையை அனுப்பி, சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பவரின் நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்து மூச்சை எண்ணிவிடும். படம் எடுக்காது. எண் மட்டும் எங்கள் இருவர் போனுக்கும் வரும். அப்பா பெட்டியை முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எண்ணைப் பார்க்கிற வேலை தம்பிக்கு. ஓடுகிற வேலை எனக்கு. நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, "அறையில் அசைவு இல்லை" என்று போன் கத்தும். அப்பாவைக் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். ஹெச்.எம்.மிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பஸ் பிடித்து, சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, நாக்கு உலர்ந்துபோய் அரியலூரில் இறங்கினால், டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"என்னம்மா, ஸ்கூல் லீவா?"

ஒரே மாதத்தில் நாலு முறை. நாலாவது முறை நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு எச்சரிக்கை வரவே இல்லை. பகல் முழுக்க நிமிடத்துக்குப் பதினாலு மூச்சு. "பாத்தியாக்கா, அப்பாவுக்கு நல்லாயிடுச்சு" என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவுக்குச் சும்மா படுத்திருந்தாலே இருபதுக்குக் குறையாது. அதுவும் பதினாலு என்றால் பதினாலுதான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போனேன். வீடு பூட்டியிருந்தது. என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். கட்டிலில் இரண்டு தலையணை, அதன்மேல் அப்பாவின் போர்வை. எதிரே டேபிள் ஃபேன் தலையை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தது. காற்று படும்போதெல்லாம் போர்வை எழும்பி அடங்கியது. போனைப் பார்த்தேன். பதினாலு.

வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்ததாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் வழியில் எங்காவது மயங்கி விழுந்திருந்தால்கூட இந்த ஃபேன் எங்களுக்காக மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருக்கும். அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் நெற்றியில் விபூதியோடு வந்தார். கீழப்பழுவூர் கோயிலுக்குப் போயிருந்தாராம்.

"ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"நீ அலையுறியேன்னுதாம்மா. நான் டீ குடிக்கப் போனாக்கூட ஓடியாற."

"போன எடுத்தா நான் ஏன் ஓடியாறேன்?"

"எடுத்தா என்ன கேக்குற? ஏன் இருபத்திரண்டு காட்டுதுன்னு கேக்குற. சாப்டீங்களான்னு என்னைக்காவது கேட்டியா?"

அவர் சொன்னது உண்மை என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது. தம்பிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கம்பெனிக்கு எழுதுறேங்க்கா. ஃபேனுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியற மாதிரி மாத்திக் கொடுப்பாங்க" என்றான். பேச்சின் நடுவிலேயே வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பெட்டி தூங்கும் நேரத்தில் மட்டும் ஓடும். பகலில் போன் அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நான் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

நேற்று மூன்று முறை கூப்பிட்டேன். போன் பையில்தான் இருந்ததாம். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தாராம்.