மற்றவர்களின் 'நான்'

கண்டியில் ஒரு நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். சட்டத்தரணி சிங்களத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் சாட்சி "நான் பார்த்தேன்" என்றால் நானும் "நான் பார்த்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் பார்த்தாராம்" என்று சொல்ல முடியாது. அதனால் காலையில் வேலிச் சண்டையில் மண்வெட்டியைத் தூக்கியவனாக இருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவனிடம் அடிவாங்கியவனாக இருப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் விவாகரத்துக் கேட்கும் மனைவியாகவும் ஆகிவிடுவேன்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வத்தேகமயில் எங்கள் வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம். இரண்டையும் எப்போது கற்றுக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. ஒருமுறை தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் கூண்டில் நின்று, "அன்னைக்கு எனக்கு அரைப்பேருதாங்க போட்டாங்க" என்றார். அரைநாள் வேலைதான் கணக்கில் விழுந்தது என்று அர்த்தம். தமிழ் கொஞ்சம் தெரிந்த சட்டத்தரணி அவசரப்பட்டு, "இவருடைய மீதிப் பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டார். நான் விளக்கிச் சொன்னதும் நீதிபதி அம்மா குனிந்து எழுதுவது போல் சிரிப்பை மறைத்தார். அந்த மாதிரி நாட்களில் வீட்டுக்குப் போகும்போது எனக்குள்ளே ஒரு துள்ளல் இருக்கும்.

பிறகு என்னோடு இருந்த மற்ற உரைபெயர்ப்பாளர் ஓய்வுபெற்றுப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. எங்கள் கட்டடத்தில் இருக்கும் இரண்டு மன்றங்களுக்கும் நான் ஒருத்திதான். ஒன்றில் முடித்துவிட்டு மாடிப்படி ஏறி மற்றதற்கு ஓடுவேன். முதலில் அதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது, நான் இல்லாவிட்டால் நடக்காது என்று.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. வாய் ஓய்ந்த பிறகும் தலை ஓயவில்லை. வீட்டுக்காரர் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் உள்ளுக்குள் அது சிங்களமாகும், அதன் பிறகுதான் பதில் வரும். டிவிச் சத்தம் தாங்காமல் எழுந்து போய்விடுவேன். ஒருநாள் வத்தேகம பஸ்ஸில் முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சிங்களத்தில் வாதாடிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைத் தொட்டு, "எனக்கா சொல்றீங்க?" என்றார். அதுவரை அவர்களுடைய சண்டையை நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "விட்டுரு இந்த வேலைய. எங்கயாவது ஸ்கூல்ல சிங்களம் படிச்சுக்கொடு, போதும்" என்றார்.

"வேலை புடிக்குதுங்க. இப்படிச் செய்யிறதுதான் புடிக்கல."

"அப்ப அத அங்க போயிச் சொல்லு."

சொல்லவில்லை. சொன்னால் இவளால் முடியாது என்று எழுதி வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

அப்படியிருக்கும்போதுதான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் சாட்சி சொல்ல வந்தார். அவருடைய மகன் லொறியில் மூட்டை ஏற்றும் வேலை செய்தவன். லொறி பின்னோக்கி வந்தபோது சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டி இறந்துபோனான். அந்த அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். மகனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று சட்டத்தரணி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"காலையில ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். பாதியத் தின்னுட்டு, மிச்சத்த வந்து தின்னுறேன், மூடி வைம்மான்னு சொல்லிட்டுப் போனான். நானும் மூடி வச்சேன்" என்றார்.

நான் சிங்களத்தில் ஆரம்பித்தேன். "காலையில் நான் என் மகனுக்கு" என்பது வரை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ரொட்டிக்குச் சிங்களத்திலும் ரொட்டிதான், அதுகூட வரவில்லை. தமிழும் வரவில்லை. யாரோ தலைக்குள் விளக்கை அணைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துச் சட்டத்தரணி கேள்வியைத் திரும்பவும் கேட்டார்.

கூண்டிலிருந்த அம்மா என்னைப் பார்த்து, "மிஸ்ஸுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

"சாட்சி என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

கூண்டிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உரைபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்" என்றேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சரியில்லையா?"

அது எனக்கான கேள்வி என்று விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்" என்றேன். அந்த மன்றத்தில் நான் எனக்காகச் சொன்ன முதல் 'நான்' அது.

சின்ன ஒரு இடைவேளை விட்டார்கள். விறாந்தை வாங்கில் போய் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற பொலிஸ்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். அதைக் குடித்து, முகம் கழுவி, திரும்பிப் போய் அந்த அம்மாவின் சாட்சியத்தை ரொட்டியிலிருந்து தொடங்கி முடித்தேன். ஒரு சொல்லும் தவறவில்லை.

அடுத்த நாள் பதிவாளரிடம் போனேன். வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஆள் இல்லையே மிஸ், நான் எங்கே போக?" என்றார்.

"ஆள் கேட்டு வரவில்லை சேர். நீண்ட விசாரணைகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போடாதீர்கள். நடுவில் எனக்கு மூச்சுவிட நேரம் வேண்டும். பிற்பகலில் ஒரு மன்றம் மட்டும் தாருங்கள். மிச்ச நேரத்தில் உட்கார்ந்து ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன்."

அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்ப்போம் என்றார். ஆனால் நீதிபதி அம்மாவும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிற்பகல் ஓட்டம் நின்றது. இடைவேளை சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. கிடைக்காத நாட்களில் நானே எழுந்து கேட்கப் பழகினேன். நான் பயந்தபடி யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

வீட்டிலும் சிலதை மாற்றிக்கொண்டோம். பஸ்ஸை விட்டு ஒரு தரிப்பு முந்தியே இறங்கி நடக்கிறேன். வீட்டுக்குப் போனதும் தேநீர் குடித்து முடியும் வரை யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. முதல் வாரம் வீட்டுக்காரருக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது. "கோப்பை காலியாயிருச்சா?" என்று எட்டி எட்டிப் பார்ப்பார். வழக்குகளைப் பற்றி வீட்டில் பேச மாட்டேன், பேசவும் கூடாது. அன்று கேட்ட புதுச் சொல் ஏதாவது இருந்தால் அதை மட்டும் சொல்வேன். அதை வைத்துக்கொண்டு இருவரும் இரவுச் சாப்பாடு வரை வாதாடுவோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் இரண்டாவது உரைபெயர்ப்பாளர் வந்தார். கலகெதரக்காரர், முஸ்லிம், என் வயதுதான். நீண்ட விசாரணைகளை இப்போது பங்கு போட்டுக்கொள்கிறோம். சாட்சி ஒரு பதிலை முடிக்கும் இடத்தில் அவர் வந்து என் பக்கத்தில் நிற்பார். அடுத்த கேள்வி அவருடையது.

கனமான நாட்கள் இன்னும் வரத்தான் செய்கின்றன. போன வாரம்கூட ஒன்று வந்தது. என் பங்கை முடித்துவிட்டுப் பின் வரிசைக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டார், கலகெதரக்காரர் தமிழில் சொன்னார், சாட்சி பதில் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் செய்கிறார். ஒரே ஒரு இடத்தில் நானாக இருந்தால் வேறு சொல் போட்டிருப்பேன். மதியம் சாப்பிடும்போது அதைச் சொன்னேன். "இல்ல மிஸ், நான் போட்டதுதான் சரி" என்று சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்துவிட்டு அவர் வாதத்துக்கு வந்தார்.