ரயிலில் மாற்றிய ஒரு எண்

வெப் அப்ளிகேஷனில் என் வேலை என்ன என்று அம்மாவுக்குச் சொல்ல எனக்குப் பல நாள் ஆனது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவள் அம்மா. அப்பாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்பதை ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் எதிர்ப்படும் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். ஆனால் படித்து என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால்தான் திணறிப்போவாள்.

ஒருநாள் அவள் குழம்பு வைக்கும்போது எனக்குப் பிடிகிடைத்தது. "அம்மா, கொழம்பு வெக்கிற முறை ஒண்ணுதான். நம்ம வீட்டுக்கு ஒரு உப்பு, கல்யாண வீட்டுக்கு ஒரு உப்பு. அந்த அளவை மட்டும் தனியா எழுதி வெச்சுட்டா, முறையை மாத்தவே வேணாம். அந்த அளவு எழுதுற ஃபைலுதான் என் வேலை."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உப்பு போடறதுக்கா உனக்கு இவ்ளோ படிப்பு?"

போகட்டும். எனக்கு அந்த ஃபைலைப் பிடிக்கும். ஆயிரக்கணக்கான வரி நிரலை மற்றவர்கள் எழுதுவார்கள். அது எந்தக் கதவில் நிற்க வேண்டும், தரவுகளை எங்கே தேட வேண்டும், எந்த ஊர் நேரத்தைக் காட்ட வேண்டும், தப்பு நேர்ந்தால் உள்விவரத்தை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமா, உள்ளே வந்தவரை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சின்ன ஃபைலில் இருக்கும். ஒரு எண்ணை மாற்றினால் முழு அப்ளிகேஷனும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எங்கள் அலுவலகம் பெங்களூரில் ஒரு மாடிப்படி ஏறினால் வரும் சின்ன இடம். அதற்கு ஒரு புது வாடிக்கையாளரை நானே கொண்டுவந்தேன். காலை ரயிலில் கோலார் தங்க வயலிலிருந்து போகிறவர்கள் பெங்களூரில் இறங்கியதும் ஓடிப்போய் நிற்கிற கேன்டீன் ஒன்று உண்டு. அங்கே இட்லிக்கு நிற்கிற வரிசையில் பாதிப்பேருக்கு ஆபீஸ் தாமதமாகிவிடும். ரயிலிலேயே ஆர்டர் போட்டுவிட்டால், இறங்கும்போது தட்டு தயாராக இருக்குமே என்றேன். கேன்டீன்காரர் தலையாட்டினார். "முதல் நாள் ரயில்காரங்க ஆர்டர் போட்டாத்தான் தொடருவேன். இல்லாட்டி பழையபடி வரிசைதான்" என்றார். எங்கள் மேனேஜர் சேலத்துக்காரர். அவர் இன்னொரு முடிச்சும் போட்டார்: "இது நல்லா நடந்துச்சுன்னா நீங்க நிரந்தரம். செட்டிங்ஸ் ஃபைல் முழுக்க உங்க பொறுப்பு."

ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நேரம் லண்டனில் இல்லை, இந்தியாவில்தான் இருந்தது. பாஸ்வேர்டுகள் ஃபைலில் இல்லாமல் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. ஒருவர் ஒரு ஆர்டரில் கேட்கக்கூடிய தட்டு ஆறு. திரும்பத் திரும்ப ஆர்டர் போட்டால் அப்ளிகேஷன் அவரை இயந்திரமோ என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்தும். ஆறு போதுமே என்று மேனேஜர் சொன்னார். போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் நாள். தங்க வயல் மாரிகுப்பத்தில் ரயில் ஏறியதிலிருந்து என் மடி மீது லேப்டாப். எதிரே, தினமும் கூட வரும் நர்ஸ் அக்கா. எங்கள் பெட்டியிலிருந்து வழியில் பங்காருப்பேட்டையில் டீ வாங்க ஒரே ஆள்தான் இறங்குவார். எல்லோருக்கும் அவரே வாங்கி ஜன்னல் வழியாக நீட்டுவார். அடுத்த நாள் வேறொருவர். அன்றைக்கு முறை அக்காவுடையது. அவரும் அதே வழக்கப்படி தன் போனிலேயே மொத்தப் பெட்டிக்கும் இட்லி போட ஆரம்பித்தார். ஆறு தட்டுக்கு மேல் ஏற்கவில்லை. சரி, ஆறு ஆறாகப் போடலாம் என்று மறுபடி அழுத்தினார். மறுபடி. பிறகு போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இன்னாம்மா இது? நான் மெஷினான்னு கேக்குது!"

"விடியக்காலையில நைட் டூட்டி முடிச்சுட்டு வர்ற முகத்தப் பாத்தா அதுக்கும் சந்தேகம்தான் வரும்" என்றார் சீட்டாடிக்கொண்டிருந்த வெல்டர் அண்ணன்.

"நீங்க மூடிகினு சீட்டப் போடுங்க அண்ணே. நான் டூட்டிக்குப் போறவ, வர்றவ இல்ல."

அதற்குள் அவருடைய கணக்கே பூட்டிக்கொண்டது, போட்ட ஆர்டரும் ரத்தாகிவிட்டது. எட்டு மணிக்கு ஆர்டர் எடுப்பது நின்றுவிடும்; இன்னும் சில நிமிடம்தான் இருந்தது. என் போன் அடித்தது. மேனேஜர்.

"யாரோ ஒரே நம்பர்ல இருந்து தாக்குறாங்க. அந்த நம்பரையே தடை பண்ணிடுங்க."

"சார், அது தாக்குதல் இல்ல. எனக்கு எதிர சீட்டுல உக்காந்திருக்கிற அக்கா."

"ஒரு ஆளுக்கு இத்தனை இட்லியா?"

போனை ஒலிபெருக்கியில் போட்டு உயர்த்திப் பிடித்தேன். "எல்லாரும் சொல்லுங்க, யாருக்கெல்லாம் இட்லி?"

"எனக்கு!" பெட்டி முழுக்கக் கத்தியது. "எனக்கு வடையும்!" என்று வெல்டர் அண்ணன். அந்தப்பக்கம் மேனேஜர் சிரிப்பது கேட்டது. "சரி, மாத்துங்க. சீக்கிரம்."

அடுத்த நிறுத்தம் தாண்டினால் சிக்னல் போய்ப்போய் வரும். ரயிலின் ஆட்டத்தில் என் விரல் நிலையாக நிற்கவில்லை. அந்த ஃபைலில் ஒரு இடைவெளி தப்பாக விழுந்தால்கூட அப்ளிகேஷன் எழுந்திருக்காது. அப்போது வெல்டர் அண்ணன் சீட்டுகளை வாரி எடுத்து, விளையாடுகிற பலகையை என் முழங்கால் மேல் வைத்தார்.

"ஜோக்கர் என் கையில இருக்கு. சீக்கிரம் முடி தங்கச்சி."

அவர்கள் ஆட்டம் நடுவில் நின்றதை நான் பார்த்ததே இல்லை. லேப்டாப்பைப் பலகையில் வைத்தேன். அக்கா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தார். பழைய ஃபைலை ஒரு பிரதி எடுத்தேன். ஆறை அழித்து அறுபது என்று எழுதினேன். சந்தேகப்படும் வரியை எடுத்துவிடவில்லை, நிஜமான திருடன் வந்தால் வேண்டுமே. தட்டு எண்ணிக்கை மட்டும் மாறினால் அக்கா ஒரே தடவை அழுத்தினால் போதும். சேமித்தேன். அப்ளிகேஷனை மறுபடி ஓடவிட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பக்கம் திறந்தது. அக்காவின் கணக்கைத் திறந்துவிட்டேன். அவர் மொத்தக் கணக்கையும் ஒன்றாகப் போட்டு அழுத்தினார். "ஆர்டர் ஏற்கப்பட்டது."

யாரோ விசிலடித்தார்கள். நான் எழுந்து நின்று கத்தியதாக அக்கா இன்றும் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. பலகை கீழே விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கேன்டீனில் தட்டுகள் ஆவி பறக்க வரிசையாக இருந்தன. "ஒரே பேர்ல இவ்வளவா? யாருங்க அது?" என்று கேட்ட கேன்டீன்காரர், அக்காவுக்குப் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். "நாளைக்கு மாவு அதிகமா ஆட்டணும் போல" என்றார். மேனேஜரிடமிருந்து குறுஞ்செய்தி: அறுபதே இருக்கட்டும், மாலையில் என்னை வந்து பாருங்கள், நல்ல சேதி.

உடனே அம்மாவுக்கு போன் போட்டேன். "அம்மா, வேலை நிரந்தரம்!"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "அப்போ உப்பு சரியாப் போட்டியா?"

"கம்மியா போட்டுட்டேன்மா. ரயில்லியே சேத்துட்டேன்."