வாத்துப் படம் போட்ட சப்பாத்து

என் ஆய்வுகூடத்தின் வாசலில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்று வெளியிலிருந்து வருபவர்கள் செருப்பைக் கழற்றி வைப்பதற்கு. மற்றதில் நீல நிற றப்பர்ச் சப்பாத்துகள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். செருப்பைக் கழற்று, சப்பாத்தை மாட்டு, பிறகு கதவைத் திற என்பதுதான் இங்கே சட்டம். சப்பாத்துத் தட்டின் அடியில், ஓரமாக, எல்லாவற்றிலும் சிறிய சோடி ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் மஞ்சள் வாத்துப் படம். அதை யாரும் போடுவதில்லை, போட நினைத்தாலும் கால் நுழையாது. ஆனாலும் மற்றவற்றைக் கழுவும்போது அதையும் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைப்போம். புதிதாக வரும் மாணவர்கள் அதை யாரோ ஒருவருடைய பிள்ளையின் சப்பாத்து என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது எங்கள் பாதுகாப்பு மிஸ்ஸின் சப்பாத்து.

பாதுகாப்பு மிஸ் என்றால் எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தின் ஆய்வுகூடங்களுக்கெல்லாம் பொறுப்பான பாதுகாப்பு அலுவலர். அமிலமோ, கிருமியோ, வாயு நிரப்பிய உருளையோ, எதைக் கொண்டுவருவதானாலும் அவருடைய அனுமதி வேண்டும். என்னைவிட வயதில் இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். குருநகரில் கடலுக்குப் போகும் குடும்பம். தகப்பனார் வள்ளத்தில் ஏறுவதற்கு முன் கயிறு, இயந்திரம், தண்ணீர்க் கான் எல்லாவற்றையும் ஒருதரம் கையால் தொட்டுப் பார்ப்பாராம். மகளுக்கும் அதே பழக்கம். அனுமதி கேட்டால் நேரே வந்து நிற்பார், ஒவ்வொரு போத்தலையும் குழாயையும் தொட்டுப் பார்ப்பார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “கொட்டுப்பட்டால்?”

முதல் தடவை நான் அலட்சியமாக, “துடைப்பன்,” என்றேன்.

“எதாலை துடைப்பியள்? துடைச்சதை எங்கை போடுவியள்? அந்த நேரம் நீங்கள் இல்லையெண்டால் ஆர் துடைக்கிறது?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மதியச் சாப்பாட்டின்போதே அவருக்குக் ‘கொட்டுப்பட்டால் மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டேன். பின்னேரத்துக்குள் பெயர் பீடம் முழுக்கப் பரவிவிட்டது. மனஸ்தாபம் வரும் என்று நான் காத்திருக்க, அடுத்த நாள் தொலைபேசியில், “அக்கா, கொட்டுப்பட்டால் மிஸ் கதைக்கிறன்,” என்று தொடங்கிச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்போடு என் கோபம் போய்விட்டது. அன்றிலிருந்து நாங்கள் சண்டை பிடிப்பதும் சேர்ந்து தேநீர் குடிப்பதுமாகவே காலம் போனது.

அப்போது நான் விரிவுரையாளராக இருந்துகொண்டு கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எடுத்துக்கொண்ட விடயம் எலிக்காய்ச்சல். தென்மராட்சி வயல்களில் மழைக்காலத்தில் வெறுங்காலோடு இறங்குபவர்களுக்கு, காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகவே அந்தக் கிருமி உள்ளே போய்விடும். வயல் வயலாய்த் திரிந்து சேர்த்த மாதிரிகள் ஆழ்குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடந்தன. அவற்றைத் திறக்க வேண்டுமானால் ஆய்வுகூடம் அதற்கு ஏற்றது என்று கொழும்பிலிருந்து வரும் ஒரு குழு பார்த்து அனுமதி தர வேண்டும். அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த வருடத்தில் மீண்டும் வரமாட்டார்கள். அதற்குள் என் படிப்பு விடுமுறை முடிந்துவிடும், பட்டப் பதிவும் காலாவதியாகிவிடும்.

மிஸ் என்னைவிட மும்முரமாக வேலையில் இறங்கினார். காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டியைப் பரிசோதிக்க ஆள் பிடித்தார். கழிவுகளை எரிக்குமுன் நீராவியில் அவிக்கும் இயந்திரத்தை நாள் முழுக்க நின்று சோதித்தார். கண் கழுவும் குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் முகத்தையே கொடுத்து, பொட்டு நனைந்து வழிய நின்று, “நல்ல குளிர்த் தண்ணி, அக்கா,” என்றார். எல்லாம் சரி வந்தது, ஒன்றைத் தவிர. சப்பாத்து.

ஆய்வுகூடத்துக்குள் கால் மூடிய சப்பாத்தோடுதான் நிற்க வேண்டும். அதற்கு நாங்கள் எப்படிப் பழகுவோம்? பிறந்ததிலிருந்து வாசலைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடும் கால்கள். போதாததற்கு எங்கள் ஆய்வுகூட உதவியாளர் இருந்தார். சண்டிலிப்பாய்க்காரர், எல்லோருக்கும் அவர் அண்ணை. காலையில் நிலத்தைக் கண்ணாடி போலத் துடைத்துவிட்டு வாசலில் நிற்பார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு சப்பாத்தோடு உள்ளே போக யாருக்கு மனம் வரும்? விரிவுரையாளர்கள் நாங்களே கழற்றிவிட்டு வெறுங்காலோடு போவோம். மிஸ் வந்தால் வாசலில் சப்பாத்துக் குவியல், உள்ளே வெறுங்கால் கூட்டம்.

“கழுவின நிலத்திலை சப்பாத்தோடையோ, மிஸ்? பிள்ளையள் படிக்கிற இடமெல்லே,” என்பார் அண்ணை.

“அண்ணை, இவை படிக்கிற கிருமியே காலாலைதான் உள்ளை போறது,” என்பார் மிஸ். அண்ணை தலையாட்டுவார். அடுத்த நாளும் அதே குவியல்.

குழு வரும் நாள் வந்தது. மாணவர்கள் எல்லோரையும் சப்பாத்துப் போடவைத்து, எண்ணிப் பார்த்து உள்ளே விட்டார் மிஸ். நான் சேலையை நாலு தரம் சரி செய்தேன். ஆனால் எங்கள் இருவருக்கும் தெரியாமல் அண்ணை ஒரு வேலை பார்த்திருந்தார். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், வெறும் வாசலில் வரவேற்கலாமா? நடைபாதையில் ஆய்வுகூடக் கதவுக்கு அருகே தலைவாழை இலை விரித்து, நெல் பரப்பி, நிறைகுடம் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார். மிஸ் ஓடிவந்து விளக்குக்கும் கதவுக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்து, “நெருப்பு வெளியிலை நிக்கட்டும், பரவாயில்லை,” என்று மூச்சு விட்டார். வருபவர்களின் கால்களைப் பற்றி எங்களுக்கு நினைவே வரவில்லை.

குழுவில் மூன்று பேர். தலைவர் நரைத்த பேராசிரியர், ஆயுளில் பாதியைக் கொழும்பில் கழித்தவர். நிறைகுடத்தைக் கண்டதும் மனிதர் நின்றார். கைகூப்பினார். குனிந்தார். பளபளவென்ற கறுப்புச் சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். தலைவர் கழற்றினால் மற்றவர்கள் விடுவார்களா? அவர்களும் கழற்றினார்கள். பாதுகாப்பைச் சோதிக்க வந்த குழு முழுவதும் காலுறையோடு எங்கள் கதவை நோக்கி நடந்தது. தலைவரின் காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

போகட்டும், பார்க்காத மாதிரி விட்டுவிடலாம் என்று நான் கதவைத் திறக்கக் கை நீட்டினேன். அதற்குள் அந்தச் சின்ன உருவம் எனக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்று, கதவின் குறுக்கே கையை வைத்தது.

“மன்னிக்கவேணும் சேர். சப்பாத்தில்லாமல் உள்ளுக்கை விடேலாது.”

என் ஆய்வு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மிஸ்ஸின் சேலைத் தலைப்பைப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தேன். அவர் அசையவில்லை. தலைவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார், பெருவிரலை உள்ளே இழுக்கப் பார்த்தார், முடியவில்லை.

“நான் பருத்தித்துறையிலை பிறந்தவன், பிள்ளை,” என்றார். “நிறைகுடத்தைக் கண்டால் கால் தன்ரை பாட்டிலை கழட்டிப்போடும். இனி அதுக்கு முன்னாலை நிண்டு திருப்பிப் போடச் சொல்லுறியளோ?”

“வேண்டாம் சேர். ஒரு நிமிஷம் நில்லுங்கோ, வாறன்.”

ஓடினார். திரும்பி வந்தபோது கைநிறைய முழங்கால்வரை வரும் றப்பர்ச் சப்பாத்துகள். அடுத்த வயல் பயணத்துக்காக நான் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்தவை, இன்னும் சேறு காணாதவை. “இது தெரு மிதிக்காத சப்பாத்து, சேர். அண்ணைக்கும் மனவருத்தம் இல்லை, எனக்கும் இல்லை,” என்றார்.

மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் போட்டார்கள். கழுத்துப்பட்டியோடு வயலில் இறங்குபவர்கள் போல, கிறீச் கிறீச்சென்று சத்தம் எழுப்பிக்கொண்டு ஆய்வுகூடம் முழுக்கச் சுற்றினார்கள். உள்ளே நின்ற மாணவர்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார்கள். பாதுகாப்புப் பெட்டியின் முன்னால் நின்ற தலைவர் தன் கால்களைப் பார்த்துத் தானே முதலில் சிரித்தார், பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. தன் நிலத்தில் ஒரு சுவடும் விழவில்லை என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது தலைவர் என்னிடம், “பெட்டி இருக்கு, இயந்திரம் இருக்கு, அதெல்லாம் எல்லா இடத்திலையும் இருக்கு,” என்றார். “எங்களையே மறிச்ச பிள்ளை வேறை ஆரையும் விடமாட்டா. நீங்கள் வேலையைத் தொடங்குங்கோ.” அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு: உள்ளே மட்டும் போடும் சப்பாத்து இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாசலில் சண்டையே வரவில்லை. எல்லோருக்கும் நீலச் சப்பாத்து வாங்கினோம். மிஸ்ஸின் காலுக்கு மட்டும் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் அளவு கிடைக்கவில்லை. கடைசியில் சிறுவர் கடையில் வாத்துப் படத்தோடு ஒரு சோடி அகப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு அவர் கேட்ட ‘கொட்டுப்பட்டால்?’ இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சப்பாத்தோடு கேட்டாலும் எங்களுக்குப் பயம்தான்.

என் பட்டம் கிடைத்தது. மிஸ் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். அவர் கழற்றி வைத்த வாத்துச் சப்பாத்தை யாரும் எடுக்க நான் விடவில்லை.

போன மாதம் எங்கள் அனுமதியைப் புதுப்பிக்கும் நாள். அண்ணை ஓய்வு பெற்றுவிட்டாலும் அன்றைக்கென்று சண்டிலிப்பாயிலிருந்து பஸ் ஏறி வந்து நிறைகுடம் வைத்தார். வந்த குழுவுக்குத் தலைவி எங்கள் மிஸ்! என்னைக் கட்டிக்கொண்டார், அண்ணையைக் கும்பிட்டார், நிறைகுடத்தைப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றினார், என்னோடு கதைத்தபடியே வெறுங்காலோடு நேரே கதவுக்கு வந்தார். என்னைச் சோதிக்கத்தான் அப்படிச் செய்ததாக இப்போதும் சாதிக்கிறார். நான் நம்பவில்லை.

கதவின் குறுக்கே கையை வைத்தேன்.

“சப்பாத்தில்லாமல் உள்ளுக்கை விடேலாது, மிஸ்.”

அவர் தன் கால்களைப் பார்த்தார். பிறகு தட்டின் அடியைப் பார்த்தார். வாத்து அங்கேதான் இருந்தது. முழு நடைபாதையும் கேட்கச் சிரித்துக்கொண்டே குனிந்து, அதை எடுத்து மாட்டினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அளவாக இருந்தது. நான் கையை எடுத்தேன்.