அட்டையில் கத்தரிக்காய், உள்ளே நாங்கள்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். துணி எடுக்க, பல் பிடுங்க, கல்யாணத்துக்கு. ஒரு பத்திரிகைக்காகப் போனது போன மாதம்தான். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என எங்களைப் போன்றவர்கள் பல வருடங்களாகத் தமிழிலும் கன்னடத்திலும் நடத்திவரும் பத்திரிகை அது. புது இதழ் வெளியீட்டன்று பழைய இதழ்களையும் பார்வைக்கு வைக்கிறார்கள் என்று நண்பர் சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை ரயில். இரண்டரை மணி நேரத்தில் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். அங்கிருந்து சிவாஜிநகர் சுமார் இரண்டு கிலோமீட்டர், நடந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணியை முடித்துவிட்டு (மணி பதினொன்றுதான், அதனால் என்ன?) தொம்மலூருக்கு ஆட்டோ கேட்டேன்.

"மீட்டர் மேல அம்பது குடுங்க சார். ரிட்டர்ன் சவாரி சிக்காது."

"தொம்மலூர்லயா சிக்காது?"

"ஞாயித்துக்கெழம, ஆபீஸுக்கெல்லாம் ரஜா சார்!"

பதிலைத் தயாராக வைத்திருந்தார். கொடுத்துத் தொலைத்தேன்.

பழைய ஊர்ப் பகுதியில், தையல்கடை மாடியில் கூட்டம். உள்ளே சுவர் முழுக்கக் கத்தரிக்காய், ரசம், ரவா லட்டு. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போகப் பார்த்தேன்.

"வாப்பா உள்ள. சமையல் கிளாஸ் இல்ல," என்று சிரித்தார் ரீட்டாக்கா. பத்திரிகையைத் தொடங்கிய திருநங்கைகளில் ஒருவர். "அப்பல்லாம் இத எப்படி வீட்டுக்குக் கொண்டுபோறது? அதான் அட்டையில சமையல். மொதப் பக்கத்துல நெஜமாவே குறிப்பு இருக்கும். எங்காளு ஒருத்தனோட அண்ணி அதப் பார்த்து எண்ணெய்க் கத்தரிக்கா வச்சிட்டு, அடுத்த புக்கு எப்ப வரும்னு கேட்டாங்களாம்!"

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மங்கிய ஜெராக்ஸ் தாளில் காதல் கவிதை, போலீஸ் அடித்த கதை, டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள், வாடகைக்கு அறை. என்னைப்போல் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ரயில் தூரத்தில் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். பிரமித்துப்போய் நின்றேன். கண்ணும் கலங்கியது.

எந்த இதழிலும் எழுதியவர் பெயர் கிடையாது. பெயர் தெரிந்தால் வேலையும் வீடும் போய்விடும் காலம் அது. அதனால் வெளியீட்டன்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாகப் படிப்பார். எழுதியவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்பார். இன்றும் அதே வழக்கம்தான். போக நினைப்பவர்களே, அனுமதி இலவசம். படம் எடுக்காதீர்கள், யார் எழுதியது என்று கேட்காதீர்கள்.

என் பக்கத்தில் பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பிரகாஷ். அவன் அம்மா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் என் காதில் சொன்னான்: "மூணாவதா படிக்கப்போறது என்னோடதுண்ணா. புக்கு ஃபங்ஷன்னு சொல்லித்தான் அம்மாவைக் கூட்டியாந்தேன். எதுவும் தெரியாது. நான் விரும்புறவரும் பின்னால உக்காந்திருக்காரு. அம்மா மூஞ்சிய சுளிச்சாங்கன்னா, யாரோ எழுதுனதுன்னு கம்முனு இருந்துடுவேன்."

மூன்றாவதை ரீட்டாக்கா படித்தார். பெண் பார்த்துப் பார்த்துச் சலிக்காத ஓர் அம்மா. சீட்டு கட்டி வாங்கிய பித்தளை அண்டா பரணில் கிடக்கிறது. மருமகள் வந்துதான் அதை இறக்க வேண்டுமாம். மகனுக்கோ ஓர் ஆணின் மேல் காதல். வீட்டுக்குள் நுழைந்தால் பரண் பக்கம் பார்ப்பதே இல்லை.

டீயோடு திரும்பியிருந்த பிரகாஷின் அம்மா அதைக் கீழே வைத்தார். முகம் இறுகிப்போயிருந்தது. பிரகாஷ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படித்து முடித்ததும் அம்மா எழுந்தார்.

"அந்த அண்டா எங்க வீட்டுதும்மா. அந்த அம்மா நான்தான்."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "மூணு வருஷமா போட்டோவும் கையுமா அலையிறேனே, ஒரு வார்த்தை சொன்னியாடா? யாருடா அது?"

பிரகாஷ் அழுதுகொண்டிருந்தான். பின்வரிசையில் ஒருவர் தானாகவே எழுந்து நின்றார். நெடுநெடுவென்று இருந்தார். அம்மா அவரை வெகுநேரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒசரமாத்தான் இருக்க," என்றார். "ஸ்டூலு போடாமயே எறக்கிடுவ."