கூரையைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், பேனாவை மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். வீடு வீடாகப் போய் ஒயரிங் செய்து பிழைத்தவன். மெயின் போர்டைப் பற்றி எழுது என்றால் எழுதுவேன். கண்ணால் பார்க்காத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் ஜனங்களை எண்ணிய கதையை எழுத எனக்கு என்ன தகுதி என்று கூச்சம். அதைவிட, எழுதிவிட்டால் அந்தப் பெண் போனது போனதுதான் என்று ஆகிவிடும் போலவும் இருந்தது. போன மாதம் என் மனைவிதான் சொன்னாள், "எழுதிடுங்க. நமக்கப்புறம் அவளைத் தெரிஞ்சவங்க இந்தத் தெருவுல யாரு இருக்கா?"

யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அவள் நாட்டின் பெயரையும் எழுதவில்லை. ஆண்டவருக்குத் தெரியும், போதும்.

ஜீவனஹள்ளியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. மாடியில் ஷீட் போட்ட ஓர் அறையை வாடகைக்கு விடுவோம். ஒரு நாள் புரோக்கர் ஒரு கறுப்பினப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, அவள் எதிரிலேயே தமிழில், "ஆப்பிரிக்காக்காரங்க சார், வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றான். அவளுக்குப் பாஷை புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரிந்தது. ஏற்கெனவே நாலைந்து வீட்டில் கேட்ட குரலாக இருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எங்கள் வாசலில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: காலைப் பூசை எந்தக் கோயிலில், எத்தனை மணிக்கு. என் மனைவி உள்ளே போய் மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தெருவில் சிலர் எங்களோடு கொஞ்ச நாள் பேசவில்லை. அது கிடக்கட்டும்.

அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் ஆபீசில், வரைபடம் போடும் பிரிவில் வேலை. பக்கத்துப் பக்கத்து நாடுகள் சில சேர்ந்து, ஒரே சமயத்தில், ஒரே மாதிரி கேள்வி கேட்டுக் கணக்கெடுக்கலாம் என்று முடிவு செய்து, அதற்கான பயிற்சிக்குத் தங்கள் ஆட்களை இங்கே தொம்மலூரில் ஓர் ஆபீசுக்கு அனுப்பியிருந்தன. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் பள்ளிக்கூட டீச்சர் வந்து திண்டாடித் திண்டாடி எழுதிக்கொண்டு போவார், அவ்வளவுதானே, இதற்குப் பயிற்சி என்ன என்று கேட்டேன். சிரித்தாள். ஆட்களை எண்ணுவது கடைசி வேலை என்றாள். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் வேலை இருக்கிறதாம். ஒவ்வொரு கூரையையும் படத்தில் குறிக்க வேண்டும். அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டுக்கு ஓர் ஆள் என்று அனுப்புவார்கள். எந்தத் துண்டிலும் வராத வீட்டின் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பிறக்கவே இல்லை என்பதுபோல ஆகிவிடும்.

பயிற்சிக்காக எங்கள் தெருவிலேயே அவளும் கூட வந்தவர்களும் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் குறித்தார்கள். வேலைக்குப் போகிற வீடுகளில் பழகிய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"என்னண்ணா, ரோடு அகலம் பண்ண அளக்கறாங்களா?"

"இல்லம்மா, பழகிக்கறாங்க. அவங்க ஊர்ல ஜனங்களை எண்ணப் போறாங்க."

"அவங்க ஊர் ஜனங்களை எண்ணறதுக்கு எங்க வாசப்படியில என்ன வேலை?"

"பேரைக் குடு. அங்கயும் ஒரு ரேஷன் கார்டு கெடச்சாலும் கெடைக்கும்."

"இங்க குடுத்த கார்டுக்கே அரிசி வரல, போங்கண்ணா" என்று சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு மூன்று என்றாள். உள்ளே தொட்டிலில் பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை எண்ணிக்கையில் சொன்னால் கண் படும் என்ற பயம். எங்கள் மாடிப் பெண் கோபப்படவில்லை. தன் ஊரிலும் அப்படித்தான், எந்தத் தாயும் பிள்ளைகளை எண்ணிச் சொல்ல மாட்டாள் என்று என்னிடம் சொன்னாள். "எத்தனை பேர்" என்று அவள் மறுபடி கேட்கவே இல்லை. நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கேட்கச் சொன்னாள். வீட்டுக்காரர், நான், பெரியவன் என்று சொல்லிக்கொண்டே வந்த தங்கச்சி, தொட்டிலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இவளும்தான்" என்றாள்.

கொஞ்ச நாளிலேயே மாடிப் பெண் எங்களோடு கீழே வந்து சாப்பிட ஆரம்பித்தாள். ரசம் மட்டும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் தன் ஊரைப் பற்றிச் சொன்னாள்.

அவள் ஊர் ஒரு பெரிய ஏரியின் கரையில். ஏரியின் அந்தப் பக்கம் வேறு நாடு. அவளுடைய ஜனங்கள் மீன் எங்கே போகிறதோ அங்கே போகிறவர்கள். வருடத்தில் சில மாதம் காற்று மாறினால், குடிசையின் கூரைப் பாயை அவிழ்த்துச் சுருட்டிப் படகில் வைத்துக்கொண்டு, அக்கரைக்குப் போய்விடுவார்கள். காற்று திரும்பினால் அதே பாயோடு திரும்பி வருவார்கள். இந்தப் பக்கம் நட்ட கம்புகள் மட்டும் நிற்கும். முந்தைய கணக்கெடுப்புக்காக ஆகாயத்திலிருந்து எடுத்த படம், அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போன மாதத்தில் எடுத்த படம். ஆபீசில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வெறும் மணல்தான் தெரிந்தது. ஆள் இல்லாத கரை என்று போட்டுவிட்டார்கள். அக்கரை நாட்டுக்காரர்களோ, இவர்கள் விருந்தாளிகள், சொந்த நாட்டுக் கணக்கில் வந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கரை முழுக்க ஜனங்கள் இரண்டு நாட்டிலும் இல்லாமல் போனார்கள்.

ஆள் இல்லாத இடத்தில் யார் ஆஸ்பத்திரி கட்டுவார்கள்? அவளுடைய தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தபோது, நர்ஸ் இருக்கிற இடத்துக்குப் படகில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. வழியிலேயே தங்கையும் போனாள், குழந்தையும் போனது. அதற்குப் பிறகுதான் அவள் இந்த வேலைக்கே எழுதிப் போட்டாளாம். இந்தத் தடவை அந்தக் கரை படத்தில் வந்துவிட வேண்டும், வராவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஆகும் என்றாள். தட்டில் கை காய்ந்துபோயிருந்தது. என் மனைவி எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவள் கையைத் தானே கழுவிவிட்டாள்.

அக்கரை நாட்டிலிருந்தும் ஒருவர் அதே பயிற்சிக்கு வந்திருந்தார். உயரமான மனிதர், அவளைவிடப் பெரிய உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சாப்பிட்டுவிட்டு அந்த ஜனங்கள் யாருடையவர்கள் என்று சண்டை போடுவார்கள். மீன் பிடிக்கும்போது எங்கள் ஆள் என்கிறீர்கள், வைத்தியம் என்று வந்தால் உங்கள் ஆள் என்று தள்ளிவிடுகிறீர்கள் என்று இவள் குத்துவாள். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுங்க எங்க பக்கம் வந்தா எங்க பொண்ணுங்களையும் கட்டிக்கிட்டுப் போறாங்க, அந்தக் கணக்கை முதல்ல குடு" என்பார். கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே ராத்திரியைக் கணக்காக வைக்க வேண்டும். அன்று யார் எந்தக் கரையில் படுத்தார்களோ அந்தக் கரையில் அவர்களை எண்ண வேண்டும். இரண்டு கரையையும் படத்தில் சேர்க்க வேண்டும். அவரும் தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். பெரிய பெரிய கூட்டம் போட்டுப் பேச வேண்டியதை எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து முடித்தார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பயிற்சி முடிகிற சமயத்தில் தொம்மலூர் ஆபீசிலேயே அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். நல்ல சம்பளம். அதே வாரத்தில் அவள் ஊரிலிருந்து போன் வந்தது. அந்த ஜில்லாவின் படத்தைச் சீக்கிரம் மூடப் போகிறார்கள், மூடிவிட்டால் சேர்க்க முடியாது என்று. அவள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். என் மனைவிக்கு மனசே இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

"போன்ல சொன்னா அவங்களே போட்டுக்க மாட்டாங்களா? நீ போய்தான் ஆகணுமா கண்ணு?" என்று கேட்டாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சொன்னதை வச்சுக் குறிக்கக் கூடாது ஆன்ட்டி. அந்த எடத்துல போய் நின்னாத்தான் மெஷின் ஏத்துக்கும். மத்தவங்களுக்கு அந்தக் கரைக்கு வழி தெரியாது" என்றாள் அவள்.

மந்திரித்த ஜெபமாலை ஒன்றையும், பொட்டலமாகக் கட்டிய குழம்புத் தூளையும் கொடுத்து அனுப்பினோம். ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறும் முன் என் மனைவியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் கண்டக்டர் கன்னடத்தில் "பன்னி பன்னி, பேக பன்னி", வாங்க, சீக்கிரம் வாங்க என்று அவசரப்படுத்தினார்.

அதன்பின் போனில் படங்கள் வந்தன. மணல், கம்பு, கம்பின் மேல் பழுப்புப் பாய்கள், சிரிக்கிற ஜனங்கள். ஒரு படத்தில் அவளுடைய அம்மா எங்கள் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் வரவில்லை. சிக்னல் இல்லாத இடம் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

கடைசியில் அவள் அண்ணன்தான் போன் செய்தார். நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். கரை முழுவதையும் அவள் குறித்து முடித்துவிட்டாள். சிக்னல் கிடைக்கிற ஊருக்கு வந்து எல்லாவற்றையும் அனுப்பியும்விட்டாள். ஆபீசில் ஏற்றுக்கொண்டார்கள். அதோடு திரும்பியிருக்கலாம். நாணலுக்குப் பின்னால் இன்னும் சில குடிசைகள் இருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். காற்று சரியில்லை, நாளைக்குப் போகலாம் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குள் படத்தை மூடிவிடுவார்கள் என்று அவள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. படகு கவிழ்ந்தது. படகுக்காரர் படகு தள்ளும் கம்பைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். அவள் பிழைக்கவில்லை.

போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவள் அழவில்லை. மாடிக்குப் போய், அதுவரை வேறு யாருக்கும் விடாமல் வைத்திருந்த அறையைக் கூட்டினாள். கீழே வந்து, "மாதா எண்ணிக்கைக்குப் பேர் எழுதப் போன ஊர்லதான் நம்ம ஆண்டவரும் பொறந்தாரு. இவ அதே வேலைக்குப் போய்ச் செத்திருக்கா" என்றாள். இருவரும் முழங்கால் போட்டோம்.

சில மாதம் கழித்து அந்த நாட்டில் கணக்கெடுப்பு நடந்தது. அண்ணன் மறுபடி போன் செய்தார். அந்தக் கரைக்கு முதன்முறையாகக் கணக்கெடுக்க ஆள் வந்தது. வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவரை அந்த வேலைக்குப் பழக்கியவளே எங்கள் பெண்தானாம். அவள் அம்மாவின் எதிரில் மணலில் உட்கார்ந்து, நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா முதலில் மகளின் பெயரைச் சொன்னார். டீச்சரின் விரல் அப்படியே நின்றுவிட்டது. இல்லை என்று சொல்லவில்லை. எழுதவும் இல்லை. டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். பிறகு அம்மாவே, "மத்தவங்களை எழுதிக்கம்மா" என்றாராம். கரையில் எல்லோரையும் எழுதினார்கள். நாணலுக்குப் பின்னால் இருந்தவர்களையும், அண்ணனே கூடப் போய்க் காட்டி, எழுதவைத்தார். அந்த ஊரில் இப்போது ஒரு நர்ஸ் இருக்கிறாராம்.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுப்போம், பூசையில் வாசிப்பார்கள். அந்த வருடம் என் மனைவி அவள் பெயரையும் கொடுத்தாள். பெயரைப் பார்த்துவிட்டு உபதேசியார், "இது நம்ம கோயில் பங்குக்காரங்க இல்லையேம்மா, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள் என் மனைவி. அதன்பின் ஒவ்வொரு வருடமும் வாசிக்கிறார்கள்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எங்கள் ஜெபக் கூட்டத்திலேயே சிலர், அவள் மூழ்கிய இடத்தில் வெளிச்சம் தெரிந்தது, தண்ணீர் இனித்தது என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் அண்ணன் எதைச் சொன்னாரோ அதைத்தான் எழுதியிருக்கிறேன். அவளுக்கு இதுவே போதும்.