போலாம் ரைட்

ஆரணியாற்றில் தண்ணீர் வருவதே அதிசயம். அதில் சவாரி விடலாம் என்று நினைத்த ஒரே ஆள் என் தாய்மாமா. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் அவருக்கு வேலை. நடுவில் ரிஷிகேஷ் போய், வெள்ளத்தில் படகு விடும் முகாம் ஒன்றில் ஒரு சீசன் சமையல்காரராக இருந்துவிட்டு, அங்கே கழித்துப்போட்ட ரப்பர் படகோடும் 'ரிவர் கைடு' என்ற பட்டத்தோடும் திரும்பினார். பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது. முதல் சவாரி நல்லபடியாக முடிந்தால் ஆலைக்கு முழுக்கு, இனி இதுதான் பிழைப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அந்த மழைக்கு ஆறு கரைபுரண்டது. துடுப்புப் போட ஆலை நண்பர்கள் நால்வர். எட்டு வயதுக்காரி நான் அடம்பிடித்து நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"பாப்பாவ எறக்கி உடுடா!" என்று அம்மா கரையிலிருந்து கத்தினாள்.

"நான் கீறன் இல்லக்கா, நீ கம்முனு இரு" என்றார் மாமா.

கொஞ்ச நேரம் ராஜபோகம்தான். மாமா பின்னால் நின்று அதட்ட, படகு துள்ளித் துள்ளிப் போனது. தரைப்பாலம் தெரிந்தது. அதற்கு அப்பால் தண்ணீர் ஓர் ஆள் உயரம் கீழே விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் வலப்பக்கம் ஒதுங்கியாக வேண்டும். ரிஷிகேஷில் கேட்டபடியே மாமா "ரைட்!" என்று குரல் கொடுத்தார்.

நால்வரும் பிறந்ததிலிருந்து டவுன்பஸ்ஸில் போகிறவர்கள். ரைட் என்றால் வண்டி போகலாம். நேராக வலித்தார்கள். "ரைட்! ரைட்!" என்று மாமா தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு ரைட் என்றால் இன்னும் வேகம். ஒரு 'ஹோல்டான்' போட்டிருந்தால் தப்பித்திருப்போம்.

படகு குப்புறக் கவிழ்ந்தது. என் ஜடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவர் மாமாதான். நண்பர்களும் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.

"நீதான ரைட்டு ரைட்டுன்ன? அதான் போய்க்கினே இருந்தோம்" என்றார் அவர்களில் ஒருவர், சேற்றைத் துப்பியபடி.

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். மாமா அசரவில்லை. அடுத்த வெள்ளத்தில் "சோத்தாங்கை! பீச்சாங்கை!" என்று கூவி, அதே நால்வரைப் பத்திரமாகக் கரைசேர்த்தார். பிறகு ஆலையை விட்டு ரிஷிகேஷுக்கே போய் நிஜக் கைடாகவும் ஆனார்.

ஆனால் கவிழ்ந்த அன்று, அம்மா அவரை என்ன பாடு படுத்தப்போகிறாள் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவளோ ஒரு வார்த்தை திட்டவில்லை. சுடுசோற்றைப் பிசைந்து, எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, மாறி மாறி ஊட்டினாள். மீசை வைத்த மாமா மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார். எனக்கு வரவேண்டிய உருண்டைகளில் பாதி அவருக்குப் போகிறதே என்று ஒரே கோபம் எனக்கு.