மூக்குச்சட்டியும் களவெட்டி வரம்பும்

சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் என் விரல்களில் மண்ணெண்ணெய் மணக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், தேசிக்காய்த் தோலால் உரசினாலும் போகாத மணம் அது. மீன் குழம்பையும் மீறிக்கொண்டு மேலே வரும். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகள் "விளக்குக்குள்ள இருந்து வந்தவள்" என்று மூக்கைப் பொத்துவார்கள். நான் கூச்சக்காரி, ஒன்றும் சொல்லமாட்டேன். இன்றுவரைக்கும் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. அந்த வயதில் ஒரேயொரு தடவை திறந்தேன். அதனால் என்ன வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வயது போகப்போகக் கோபம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை, நான் என்ன செய்ய?

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். எழுபதுகளின் தொடக்கத்தில், செத்தல் மிளகாய் வெளிநாட்டிலிருந்து வராமல் நின்றுபோய் உள்ளூர் மிளகாய்க்கு மதிப்பு ஏறியிருந்த காலத்தில், அப்பா ஒரு சோடி எருமையை விற்றுவிட்டு ஒரு சின்ன மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்கினார். தோணிகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை பரப்பிய "பாதை"யில் அது வாவியைக் கடந்து வந்து இறங்கியபோது, ஊரில் பாதிப்பேர் துறையில் நின்றார்கள். பச்சைப் பூச்சு, கையால் சுற்றும் சில்லு, பக்கத்தில் ஒரு பட்டி. அந்தப் பட்டியைப் பம்பில் மாட்டினால் தோட்டத்துத் துரவிலிருந்து, அதாவது இறங்கி அள்ளும் அகலக் கிணற்றிலிருந்து, தண்ணீர் தடித்த குழாயால் பாயும். அதுவரைக்கும் அம்மாவும் நானும் மண்குடத்தால் அள்ளி அள்ளி ஊற்றிய தண்ணீர். அந்தத் தோட்டம் அம்மாவுக்குச் சீதனமாக வந்த நிலம், ஆகவே வீட்டில் எல்லாரும் அதை "அம்மாட மிஷின்" என்றுதான் சொன்னோம்.

எஞ்சினின் ஒரு பக்கத்தில் குண்டுச் சட்டி ஒன்றை மூடி வைத்தாற்போல ஒரு சாமான் இருந்தது. விற்றவர் அதற்கு "எயார் கிளீனர்" என்று பேர் சொன்னார். நாங்கள் "மூக்குச்சட்டி" என்றோம், மிஷின் அதனால்தானே மூச்சு விடுகிறது. செவி வைத்த நட்டைக் கழற்றினால் மூடி வரும், அதற்குள்ளே தேங்காய்த் தும்பை உருட்டி வைத்ததுபோல ஒரு கம்பிப் பந்து, அதற்கும் கீழே சட்டியில் கொஞ்சம் ஒயில். வெளிக்காற்று அந்த ஒயிலில் பட்டு, கம்பிக்குள் புகுந்து, தூசியையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுச் சுத்தமாக உள்ளே போகும். அப்பாவின் தடித்த விரல்கள் சட்டிக்குள் நுழையவில்லை. என் கை நுழைந்தது. அப்படித்தான் அது என் வேலையானது. யாரும் என்னைப் புகழ்ந்து தரவில்லை.

பழைய ஒயிலை ஊற்றினால் சட்டியின் அடியில் பதநீர்ப்பாணிபோலக் கறுத்த சேறு கிடக்கும். அதைச் சீலைத்துண்டால் வழித்தெடுக்க வேண்டும். கம்பிப் பந்தை மண்ணெண்ணெயில் அமுக்கி, அலசி, தெளிவாக வரும்வரைக்கும் திரும்பவும் அலச வேண்டும். பிறகு நிழலில் உதறிக் காயவைத்து, சட்டியில் கீறியிருக்கும் கோடு மட்டத்துக்குப் புது ஒயில் விட வேண்டும். கோட்டுக்குக் குறைந்தால் தூசி பிடிக்காது, கூடினால் மிஷின் ஒயிலைக் குடித்துப் புகை கக்கும். தோட்டத்தில் ஓடும் நாட்களில் கிழமைக்கு ஒருதரம் போதும், கச்சான் காற்று மண்ணை வாரியடிக்கும் காலத்தில் ஒன்றுவிட்ட ஒருநாள். இதில் ஒரு வித்தையும் இல்லை. சட்டி கழுவத் தெரிந்த யாருக்கும் இது வரும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் அக்கரையில், கல்லடிப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் "போடிங்" விடுதியில் தங்க வேண்டும். நான் அந்த வருசம் ஐந்தாம் வகுப்பு. மிளகாய்க்கன்று நட்டபோதே அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள்: "இந்தமுறை தோட்டம் கைகுடுத்தா, தைக்கு உன்னப் பாதையில ஏத்திருவன் புள்ள. குறுக்க ஆரு நிண்டாலும் ஏத்திருவன்." அம்மா சும்மா பேசுகிறவள் அல்ல. ஆகவே அந்த மிஷின் இறைத்த தண்ணீரில் என் படிப்பும் சேர்ந்துதான் ஓடியது.

பங்குனியில் வயல் அறுவடை. எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் ஊர் வயல்வெளியான வட்டையில் பக்கத்துப் பக்கத்தில் காணி. களவெட்டி, அதாவது சூடடிக்கும் களம், பொது. பெரியப்பா அப்பாவின் அண்ணன், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அப்பாவுக்கு மாடு கூடக் கேட்காது என்று அம்மா சொல்லுவாள்.

களவெட்டியின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, "பொலி" என்றுதான் சொல்ல வேண்டும். "இல்லை", "போதும்", "முடிஞ்சுது", "போச்சு" என்ற சொற்கள் யார் வாயிலும் வரக்கூடாது. பொலியைக் குவித்துக் காப்பு வைத்துவிட்டால் அளக்கும்வரைக்கும் அங்கிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது, அங்கே எதையும் கழுவி ஊற்றவும் கூடாது, விளைச்சல் அதோடு போய்விடுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பொம்பிளைகள் உள்ளே கால் வைக்கக்கூடாது. விதைத்தவள், நாற்றுப் பிடுங்கியவள், களை எடுத்தவள், கதிர் பொறுக்கியவள் எல்லாரும் வரம்புக்கு அங்காலே நிற்க வேண்டும். சின்னப்பிள்ளை என்றாலும் பொம்பிளைப் பிள்ளை பொம்பிளைப் பிள்ளைதான்.

அந்த வருசம் காற்று ஏமாற்றியது. மூன்றுகால் "அவுரி"யில் ஏறி நின்று சுளகால் தூற்றினால் பதர் நேரே கீழேதான் விழுந்தது. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. பெரியப்பா ஊர்த் தச்சனைக் கொண்டு மரத்தால் ஒரு பெரிய விசிறி செய்வித்தார். "தம்பி, உன்ட மிஷினக் கொண்டா. சாமி காத்துத் தரல்ல, மண்ணெண்ண தரட்டும்" என்றார். அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்.

விசிறி நல்லாகத்தான் தூற்றியது. ஆனால் பதரும் சுணையும் புழுதியும் புகைபோலக் கிளம்பி மிஷினையே மூடின. முதல்நாள் இன்னும் காப்பு வைக்கவில்லை, ஆகவே அப்பா மத்தியானம் மூக்குச்சட்டியைக் கழற்றி வரம்புக்குக் கொண்டுவந்து தந்தார். வாய்க்கால் ஓரத்து மருதமரத்தின் கீழே இருந்து கழுவினேன். தோட்டத்தில் ஒரு மாதம் சேராத சேறு ஒரு காலையில் சேர்ந்திருந்தது. "அப்பா, இதுக்கு ஒருநாளைக்கு ரெண்டுதரம் கழுவோணும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அடுத்தநாள் காலையிலேயே காப்பு வைத்துவிட்டார்கள். வெயில் ஏறும்போது மிஷின் இருமத் தொடங்கியது. கறுப்புப் புகை வந்தது, வேகம் விழுந்து விழுந்து எழும்பியது. அப்பா குனிந்து நட்டைக் கழற்றினார், சட்டியைக் கையில் எடுத்தார், வரம்பை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். பெரியப்பாவின் சத்தம் கேட்டது.

"எங்க கொண்டுபோறாய்?"

"கழுவோணும் அண்ணன். மகள் அவடத்த நிக்காள்."

"காப்பு வெச்ச களவெட்டியில இருந்து சாமான் வெளியில போறதா? அதும் ஒரு பொட்டட கைக்கா? விசரா உனக்கு?"

அப்பா நின்றார். கையில் சட்டி. திரும்பிப் போய்விட்டார்.

பெரியப்பாவின் மகன் நல்லதம்பி அப்போது வளர்ந்த ஆம்பிளை, எதற்கும் கைவைக்கத் துணிந்தவன். "என்னத்துக்கு சித்தப்பா இந்தக் கரைச்சல்? மிஷினுக்கு மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்சா மூக்கக் கழட்டி விட்டாச் சரி" என்று சொல்லிச் சிரித்தபடி, சட்டியை வாங்கி அவுரிக் காலில் கொழுவிவிட்டு, மிஷினின் வாய் திறந்தபடி இருக்க அதைச் சுற்றினான். அது சீறிக்கொண்டு எழும்பியது. முந்தி ஓடியதைவிட வேகம். எல்லாரும் "ஆ!" என்றார்கள்.

மூக்குச்சட்டியோடு ஓடும்போது மிஷின் அடக்கமாக மூச்சு விடும். இது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்ததையெல்லாம் விழுங்குகிற சத்தம். அந்தப் பதரும் மணலும் நேரே உள்ளே போகிறது என்று எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்தது. நான் வரம்பில் ஏறி நின்று கத்தினேன்.

"நிப்பாட்டுங்க! மண் உள்ளுக்குப் போகுது! மிஷின் போயிரும்! அப்பா, நிப்பாட்டுங்க!"

களவெட்டியில் "போயிரும்" என்று சொல்லிவிட்டேன். ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லதம்பிதான் முதலில் சிரித்தான்: "அடியே, இஞ்சினியர் அம்மா வந்திட்டா! இருக்கக் கதிரை போடுங்கடா!" மற்றவர்களும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. "பொலி கிடக்கிற இடத்தில வாயால கெடுக்கிறாளே! தம்பி, உன்ட பொட்டயக் கூட்டிப்போய் வீட்ட விடு" என்றார். அப்பா வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. "வீட்ட போ மனே" என்றார், அவ்வளவுதான். அடித்திருந்தால் நான் இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

சூடடிப்பு முடியும்வரைக்கும் அப்படியே ஓட்டினார்கள். மழைக்கு முன்னால் பொலி வீடு சேர்ந்தது. மிஷின்தான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் பேச்சு, புதுநெல்லில் பொங்கிய பொங்கலில் அதற்கும் சந்தனம் வைத்தார்கள். சந்தனம் வைத்த மிஷின் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, இரண்டு வரிசைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, நீலப்புகை கக்கி நின்றது. பிறகு சில்லைச் சுற்றினால் கைக்கு எதிர்ப்பே இல்லை, வெற்றுக் குடத்துக்குள் அகப்பையை விட்டுச் சுற்றுகிற மாதிரி. சித்திரை வெயில். மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது.

டவுணிலிருந்து, மிஷின் திருத்துகிற பறங்கிப் பாஸ் ஒருவர் பாதையால் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். மிஷினைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் தடவி, எல்லாருக்கும் நீட்டிக் காட்டினார். ஒயிலும் புழுதியும் சேர்ந்து அம்மியில் அரைத்த விழுதுபோல இருந்தது. "இது ஓடல்ல ஐயா, தன்னத்தானே அரைச்சிரிக்கி. றிங்கும் போச்சு, உள்சுவரும் தேஞ்சு போச்சு. எயார் கிளீனர் இல்லாம ஆரு ஓட்டின?" என்று கேட்டார்.

தோட்டத்தில் அப்போது பெரியப்பா நின்றார், நல்லதம்பி நின்றான், அப்பா நின்றார், வேலியோரம் பார்க்க வந்த சனம் நின்றது. நல்லதம்பி நிலத்தைப் பார்த்தான். பெரியப்பாதான் பதில் சொன்னார்:

"கிளீனர் கிடக்கட்டும் பாஸ். இந்தப் பொட்டதான் நெடுகக் கழட்டிப் பூட்டிக்கொண்டு திரிஞ்ச. என்னத்தக் கழுவினாளோ, என்னத்த ஊத்தினாளோ. களவெட்டியிலயும் வந்து வாயால சொல்லிவிட்டாள், சொன்னபடி போச்சு."

பாஸ் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவர் வெளியூர்க்காரர், சாவிகளைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும். "அண்ணன், அது நாங்க செய்த பிழை" என்றால் போதும். அப்பா தலைப்பாகையை அவிழ்த்து உதறித் திரும்பக் கட்டினார். அந்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "பொட்டட கை பட்ட மிஷின்" என்று ஊர் எழுதி வைத்துவிட்டது. அம்மா மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு துரவுக்குள் இறங்கும்போது எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஆம்பிளையள் நிண்டு பாருங்க. தண்ணி அள்ளுறது எண்டாப் பொட்டட கை ஆகும்தானே."

குடத்தால் அந்தத் தோட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை. வைகாசிக்குள் பூ கொட்டி, கன்று கருகிவிட்டது. தை பிறந்தபோது என்னோடு படித்த பிள்ளைகளில் சிலர் பாதையில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. அம்மா என் தலையை வாரும்போது வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். அதற்குப் பிறகு வீட்டு மிஷினைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அதுவும் கொஞ்சக் காலம் வேலியோரம் கிடந்து, காத்தான்குடியிலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரியோடு போனது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்தக் கட்டுரையில் எழுத்துப்பிழை இருந்தால் அதற்கும் காரணம் இதுதான்.

அப்பா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். படுக்கையில் கிடந்தவர் ஒருநாள், அறையில் வேறு ஒருவரும் இல்லாதபோது, "நீ சரியாத்தான் கழுவினாய் மனே. எனக்குத் தெரியும்" என்றார். நான் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். "எனக்கும் தெரியும் அப்பா. என்னட்டச் சொல்லி என்ன? அண்டைக்கு அவங்களுக்கு முன்னால சொல்லியிருக்கோணும்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கரண்டியைக் கழுவி வைத்தேன். அழவில்லை, மன்னிக்கவும் இல்லை.

இப்போது வட்டையில் களவெட்டி இல்லை. பெரிய மிஷின் ஒன்று வந்து, வெட்டி, அடித்து, தூற்றி, சாக்கில் கட்டித் தெருவோரம் வைத்துவிட்டுப் போகிறது. அங்கே நெல்லை நெல் என்கிறார்கள், பொம்பிளைகள் நடுவயலில் செருப்போடு நின்று கணக்குக் கேட்கிறார்கள். கோயில் மலருக்கு எழுதக் கேட்டு வந்த பிள்ளைகள், "களவெட்டி அழிஞ்சு போச்சே அம்மா, உங்களுக்குக் கவலை இல்லையா?" என்று கேட்டார்கள். கவலைதான். அந்த வழக்கங்கள் போனதற்கு இல்லை. போனது நல்லது, முந்தியே போயிருக்க வேண்டும். அந்த ஆம்பிளைகள் எல்லாரும் கூடியிருந்து, என் அப்பா எழும்பி நின்று, "என்ட மகளில பிழை இல்ல" என்று சொல்ல வேண்டிய இடம் களவெட்டி ஒன்றுதான். இனி அப்பாவும் இல்லை, கேட்க அவர்களும் இல்லை, அந்த இடத்தை உழுது வயலோடு வயலாக்கிவிட்டார்கள்.